கண்ணை மூடினால் விழுவேன்

கண்ணைத் திறந்தபோது என் வலது கைக்குள் ஒரு சாவிக்கொத்து இருந்தது.

நான் எடுத்துக்கொண்டதல்ல. யாரோ என் விரல்களைப் பிரித்து அதை உள்ளே திணித்து, மறுபடி மூடி, தன் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார்கள். பத்துப் பதினைந்து சாவிகளாவது இருக்கும். இரும்பு ஜில்லென்று இருந்தது. பூட்டுக்குப் போட்ட தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை அடித்தது. என் கன்னத்திலும் உதட்டிலும் மணல் ஒட்டியிருந்தது.

மேலே வட்டமாக முகங்கள். எல்லா வாய்களும் ஒரே நேரத்தில் அசைந்துகொண்டிருந்தன. ஒருவர் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். ஒரு கூட்டமே சேர்ந்து பேசினால் எனக்கு ஒன்றும் பிடிபடாது.

எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல, சாவி எதுக்கு?" என்று கேட்டேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்குத் தெரியாது. அத்தனை முகங்களும் ஓர் அடி பின்னால் போனதிலிருந்து, கொஞ்சம் அதிகமாகவே வந்திருக்க வேண்டும்.

திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு அது முதல் நாள். ஃபர்ஸ்ட் ஃபாரம், அதாவது இப்போதைய ஆறாம் வகுப்பு. எனக்குப் பதினோரு வயது. காது கேட்காமல் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. காலை பிரேயரில் எல்லோரும் குதிகாலைச் சேர்த்து, கைகூப்பி, கண்ணை மூடி நிற்க வேண்டும். நானும் மூடினேன். அடுத்த கணம் முன்னால் நின்ற பெண்ணின் முதுகில் முட்டி, அவளையும் சேர்த்துக்கொண்டு தரையில் கிடந்தேன்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்பது நம் ஊர் வைத்தியம். பள்ளிக்கூடத்து ஆயா, பாவம், தலைமையாசிரியையின் மேஜையிலிருந்த சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

எனக்கு வலிப்பு இல்லை. அதை நிரூபிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

கடிதம் எழுதிய வாசகருக்கு

அதற்கு முன் ஒரு பாக்கி. லால்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அம்மா, உங்களுக்குத்தான் காது கேட்காதே. யார் என்ன பேசினார்கள் என்று வரிக்கு வரி எப்படி எழுதுகிறீர்கள்? கற்பனையா?"

ஐயா, நியாயமான சந்தேகம்தான். எட்டு வயது வரை எனக்கு நன்றாகக் கேட்டது. பேச்சு எனக்குள் ஏற்கெனவே இருந்தது. பிறகு உதட்டைப் படிக்கப் பழகிக்கொண்டேன். வெற்றிலை போடுகிறவர்கள், பெரிய மீசைக்காரர்கள், பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் எல்லோரும் என் ஜன்ம விரோதிகள். மற்றவர்கள் பேச்சில் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். மீதியை ஜைனப் சொல்லுவாள்.

ஜைனப் யார் என்றால், முதல் நாள் நான் யார் முதுகில் முட்டி விழுந்தேனோ அந்தப் பெண்தான். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அவள் அத்தா செருப்புக்கடை வைத்திருந்தார். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நேராக என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னையத் தள்ளிவிட்டுட்டு நீ மட்டும் ஜம்முனு சாவிய வாங்கிக்கிட்ட. எனக்கு ஒரு பூட்டாச்சும் குடுத்திருக்கலாம்ல" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டோம். ஜைனப்புக்கு ஒரு குணம். எது நடந்தாலும் யார் எந்த வார்த்தை சொன்னார்கள், அப்போது மூஞ்சியை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பது வரை நடித்தே காட்டிவிடுவாள். ஆகவே ஐயா, கற்பனை இல்லை. அவள் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறாள். வாயும் குறையவில்லை.

எழுந்தபோது இல்லாதவை

எட்டு வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில். அங்கிருந்து அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். மாதக்கணக்கில் கிடந்தேன். அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஒரு மருந்தைத் தினமும் இடுப்பில் ஊசியாகப் போட்டார்கள். அந்தக் காய்ச்சலில் படுத்த பிள்ளைகள் அதற்கு முன் எழுந்ததில்லை என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்களாம்.

நான் எழுந்தேன். எழுந்தபோது காது இல்லை. காய்ச்சல் கொண்டுபோனதா, ஊசி கொண்டுபோனதா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்த ஆராய்ச்சியே பிடிக்காது. "எது கொண்டுபோனா என்ன, புள்ளைய விட்டுட்டுப் போச்சுல்ல" என்பாள்.

காது போனதை எல்லோரும் கவனித்தார்கள். கூடவே இன்னொன்று போயிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கட்டிலிலிருந்து இறக்கிவிட்டபோது எனக்கு நிற்கத் தெரியவில்லை. எட்டு வயதுப் பெண், சுவரைப் பிடித்துக்கொண்டு தளர்நடை போட்டேன். பலவீனம், சத்துமாவு கொடுங்கள் என்றார்கள். கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் நடை வந்துவிட்டது. ஆனால் வெளிச்சத்தில் மட்டும்தான் வந்தது. இருட்டுகிற நேரத்தில் கொல்லைப்பக்கம் போக வேண்டுமானால் அம்மாவின் புடவைத் தலைப்பு என் கையில் இருக்க வேண்டும். நடக்கும்போது கடைப் பலகைகளில் எழுத்துகள் எல்லாம் மேலும் கீழும் குதிக்கும். நின்றால்தான் படிக்க முடியும். எல்லோருக்கும் அப்படித்தான் குதிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காவிரிக்கரையில், அம்மா மண்டபம் படித்துறையில் மூக்கைப் பிடித்து, கண்ணை மூடி முங்கினேன். தண்ணீருக்குள் போனதும் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போயிற்று. எழுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் கீழே போனேன். நெற்றி படிக்கல்லில் இடித்தது. வாய்க்குள் காவிரி புகுந்தது. அம்மா பின்னலைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

"இடுப்பளவு தண்ணிதானடி, கால ஊனி எழுந்திரிக்க மாட்டியா?" என்று முதுகில் இரண்டு வைத்தாள்.

காலை எந்தப் பக்கம் ஊன்றுவது என்றே எனக்குத் தெரியவில்லை. அதை எப்படிச் சொல்வது? சொன்னால்தான் யார் நம்புவார்கள்? பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வயதில் நான் பேசாமல் இருந்த விஷயம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தட்டாமாலை

இதற்கு நேர்மாறாக ஒரு விஷயமும் இருந்தது.

அப்பா லால்குடி பஸ்ஸில் கண்டக்டர். லீவு நாட்களில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் பாதி பஸ் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பிக்கும். ஜன்னலோரம் உட்காரச் சண்டை நடக்கும். நான் நடுவில் உட்கார்ந்து, பஸ்ஸின் குலுக்கலுக்கு நடுவே வேர்க்கடலை தின்பேன். ஒருமுறைகூட எனக்கு வயிற்றைப் புரட்டியதில்லை. "என் பொண்ணுக்கு இரும்பு வயிறு" என்று அப்பா டிரைவரிடம் பெருமையடித்துக்கொள்வார்.

தட்டாமாலை சுற்றுவதிலும் அப்படித்தான். கைகளை விரித்து நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுகிற அந்த விளையாட்டில், மற்றப் பெண்கள் இருபது சுற்றில் கிறுகிறுத்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் நூறு சுற்றுவேன். சட்டென்று நின்று, கோடு கிழித்த மாதிரி நேராக நடந்து போய்ப் பந்தயம் வைத்த நெல்லிக்காயை எடுத்துக்கொள்வேன். ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கிய ஒரு பெரிய வகுப்பு அக்கா என்னோடு போட்டிக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போனாள்.

தலை சுற்றி விழுகிறவள் என்று எனக்குப் பட்டம் கட்டினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தலை சுற்றத் தெரியாத ஒரே பெண் நான்தான். இந்த வேடிக்கை யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஜைனப்பின் முழங்கை

முதல் நாள் விழுந்த பிறகு, இரண்டாம் நாள் பிரேயரில் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டேன். விழவில்லை. ஆனால் வகுப்பு லீடர் போய்ச் சொல்லிவிட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்த்தாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு அடி விழுந்தது.

கண்ணை மூடினால் சாவி. திறந்தால் பிரம்பு.

வழி கண்டுபிடித்தவள் ஜைனப். மூன்றாம் நாள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, கைகூப்பும்போது அவள் முழங்கையை என் முழங்கையோடு லேசாக ஒட்டவைத்தாள். பிடிக்கவில்லை, தாங்கவில்லை. சட்டைத் துணியில் சட்டைத் துணி பட்டது, அவ்வளவுதான். நான் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு, பிரேயர் முடியும்வரை. அந்த ஒரு தொடுதலில் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு மாதம் அப்படியே ஓடிற்று. அரைப் பரீட்சை முடிந்து திறந்தபோது வினை உயரத்தில் வந்தது. வரிசையை உயரப்படி மாற்றி நிறுத்தினார்கள். ஜைனப் லீவில் இரண்டு விரல் வளர்ந்துவிட்டிருந்தாள். அவளைப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். என் பக்கத்துக்கு வந்த பெண், வலிப்புக்காரி மேலே பட்டால் தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று கையைச் சுருட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் சாவிக்கொத்து வந்தது. சனிக்கிழமை, பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். வலிப்பு நோய் உள்ள மாணவியைப் பள்ளியில் வைத்துக்கொள்ள இயலாது, டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தது.

பெரிய டீச்சரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் வலிப்பு இருந்த ஒரு மாணவி பள்ளிக்கூடக் கிணற்றடியில் விழுந்து இறந்துபோயிருக்கிறாள். அந்தக் கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டவர் அவர்தான். அவருக்குப் பயம். அது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. படிப்பில் முதல் ஐந்து பேரில் இருந்தேன். காது கேட்காமலே கணக்கில் தொண்ணூறு வாங்கினேன். என்னை அனுப்பிவிடுவார்களாம்.

சுழலும் ஸ்டூல்

அப்பா ஒரு நாள் லீவு போட்டு, காது டாக்டரிடம் அழைத்துப் போனார். அம்மா மந்திரிக்கலாம் என்றாள். "காதுல ஆரம்பிச்சது, காது டாக்டரையே கேப்போம்" என்றார் அப்பா. வாழ்க்கையில் அப்பா எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று.

டாக்டர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். மீசை கிடையாது, எனக்கு அதுவே பாதி நிம்மதி. குதிகாலைச் சேர்த்து நிற்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன், சாய்ந்தேன், அவரே பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு சுழல் ஸ்டூலில் உட்காரவைத்து விறுவிறுவென்று சுற்றிவிட்டு, நிறுத்தி, என் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார். மறுபடி சுற்றினார். காதுக்குள் ஜில்லென்று தண்ணீர் பீய்ச்சினார். எனக்கு எதுவும் ஆகவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே ஓடிப்போய் நாலைந்து மாணவர்களைக் கூட்டிவந்து, ஆளுக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொன்னார்.

நாலாவது ஆள் சுற்ற வந்தபோது நான் இறங்கிவிட்டேன். "நான் என்ன ராட்டினமா? என்னன்னு அப்பாட்ட சொல்லுங்க முதல்ல" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு, எனக்கு உதடு தெரியும்படி திரும்பி உட்கார்ந்து சொன்னார்.

"காதுக்குள்ள ரெண்டு வேலை நடக்குதுங்க. ஒண்ணு கேக்கறது. இன்னொண்ணு, நாம நிமிந்து நிக்கிறோமா, சாயறோமா, சுத்துறோமான்னு மூளைக்குத் தகவல் சொல்றது. உங்க பொண்ணுக்கு ரெண்டும் போயிடுச்சு. இப்ப இவ கண்ணால நிக்கிறா, உள்ளங்காலால நிக்கிறா. கண்ணை மூடினா பாதி போச்சு. காலுக்குக் கீழ மணலா இருந்தா மீதியும் போச்சு."

"இது வலிப்பு இல்லீங்களே?" என்றார் அப்பா.

"இல்லவே இல்ல. காது கேக்காத பிள்ளைங்க பல பேருக்கு இது கொஞ்சமோ நஞ்சமோ இருக்கும். நாமதான் பாக்கறதில்ல. லேட்டா நடக்குது, தடுக்கி விழுது, மந்தம்னு சொல்லிட்டு விட்டுடறோம்."

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் அல்ல. மூன்று வருடமாக நான் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் கொட்டிப் பரப்பியிருந்தது காவிரி மணல்தான்.

அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பவர் அவர். உடம்பு தானாக நிற்கும் என்பதுதான் அவர் அனுபவம். மறுநாள் சாயந்திரம் நெற்றியில் கோலிக்குண்டு அளவு வீக்கத்தோடு வீட்டுக்கு வந்தார். என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டதற்கு, "பஸ்ஸுல கண்ண மூடிட்டு நின்னு பாத்தேன். திருவானைக்கோவில் திருப்பத்துல கம்பியில இடிச்சிட்டேன்" என்றார். எனக்குக் கேட்காது என்பதால் சைகையிலும் செய்து காட்டினார். அன்று அப்பாவை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று இப்போது எழுதும்போதும் கண் கலங்குகிறது.

ஆபீஸ் ரூம் பெஞ்ச்

டாக்டரின் கடிதத்தைப் பெரிய டீச்சர் இரண்டு முறை படித்தார்.

"காதுக்கும் கீழ விழுறதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் அப்பாவிடம். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஒண்ணு செய்யலாம். வகுப்புக்கு வரட்டும். பிரேயர் நேரத்துல மட்டும் ஆபீஸ் ரூம் பெஞ்சுல உட்காந்திருக்கட்டும். ஆயா பாத்துக்குவா."

அப்பாவுக்கு அதுவே பெரிய வெற்றி. கைகூப்பிவிட்டார். "ரொம்ப நன்றிங்க டீச்சரம்மா. தனம், டீச்சருக்கு வணக்கம் சொல்லு."

நான் சொல்லவில்லை. "ஆபீஸ் ரூம்ல உட்கார மாட்டேன்" என்றேன்.

அந்த பெஞ்ச் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தாமதமாக வந்தவர்கள், திருடி மாட்டிக்கொண்டவர்கள், பேன் பார்த்துத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உட்காரும் இடம் அது. பள்ளிக்கூடம் முழுக்க அந்த வழியாகத்தான் வகுப்புக்குப் போகும். தினமும் முந்நூறு பேர் பார்க்க நான் அங்கே உட்கார்ந்தால், டாக்டர் ஆயிரம் கடிதம் எழுதினாலும் நான் வலிப்புக்காரிதான். இன்றைக்கு பிரேயர், நாளைக்கு டிரில், அடுத்த வருடம் வகுப்பே கிடையாது என்பார்கள். எனக்கு வேண்டியது வரிசையில் என் இடம்.

"கண்ணைத் திறந்துட்டு வரிசையில நிக்கிறேன் டீச்சர். விழ மாட்டேன்."

"சாமி கும்பிடும்போது கண்ணைத் திறந்துட்டு நிப்பியா? ஒருத்திக்கு விட்டா எல்லாரும் திறப்பாங்க."

இங்கே ஸ்ரீரங்கத்துக்காரியாக ஒரு வார்த்தை. பெருமாள் சன்னிதியில் பக்தி மேலிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் பக்கத்தில் நிற்கும் மாமிகள் சும்மா விடமாட்டார்கள். "இத்தனை நாழி நின்னு சேவிக்க வந்துட்டு, கண்ண மூடிண்டா எப்படி? நன்னா கண்ணாரச் சேவியுங்கோ" என்பார்கள். அதைத்தான் நான் பெரிய டீச்சரிடம் சொன்னேன்.

"எங்க ஊர்ல பெருமாளையே கண்ணைத் திறந்துதான் சேவிப்பாங்க டீச்சர்."

அப்பா என் தோளை அழுத்தினார். டீச்சரின் முகம் சிவந்தது. நான் நிறுத்தவில்லை. வலிப்பு எப்போது வரும் என்று வலிப்புக்காரருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். கண்ணை மூடினால் விழுவேன், திறந்தால் நிற்பேன், எப்போதும் அப்படித்தான், நாளை பிரேயரில் எல்லோருக்கும் முன்னால் நிறுத்திப் பாருங்கள் என்றேன்.

"எத்தனை தடவை விழுவே?"

"நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

மணலில்

மறுநாள் காலை கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் என்னைத் தனியாக நிறுத்தினார்கள். முந்நூறு பேரும் அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு நின்றார்கள். பெரிய டீச்சர் படிமேல். அப்பா காக்கிச் சட்டையோடு கேட்டருகில். யாரும் என்னைத் தூக்கக் கூடாது என்று அப்பாவிடமும் ஜைனப்பிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன்.

பாட்டின் பாதியில் டீச்சர் கையைக் காட்டினார். பாட்டு நின்றது. முதலில் கண்ணைத் திறந்தபடி, குதிகாலைச் சேர்த்து நின்று காட்டினேன். அசையவில்லை. பிறகு கைகூப்பினேன். கண்ணை மூடினேன்.

இதை எப்படிச் சொல்வது? நீங்கள் கண்ணை மூடினால் வெளிச்சம் மட்டும்தான் போகிறது. தெருச் சத்தம் இருக்கிறது, பக்கத்து ஆள் மூச்சு விடுவது தெரிகிறது. எனக்கு எல்லாமே போய்விடும். பேச்சு, ஆட்கள், மேல், கீழ் ஒன்றும் மிஞ்சாது. காலுக்குக் கீழே மணல் மட்டும் நெகிழும்.

விழுந்தேன். இடது பக்கம், தோளில்.

கண்ணைத் திறக்காமலே தடவித் தடவி எழுந்தேன். நடுவில் திறந்தால் நடிக்கிறாள் என்பார்கள். முடியும்வரை திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். குதிகாலைச் சேர்த்தேன். கைகூப்பினேன். விழுந்தேன். முன்பக்கம், வாயில் மணல்.

எழுந்தேன். விழுந்தேன். மணலில் கிடந்த கிளிஞ்சலோ கல்லோ முழங்காலைக் கிழித்தது. எழுந்தேன். விழுந்தேன். மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். நான்கு. ஐந்து. இவர் இன்னும் போதும் என்று சொல்லவில்லையே, எவ்வளவு கல்நெஞ்சு என்று நினைத்தேன். எனக்கு வெறியே வந்துவிட்டது. ஆறு. சாயந்திரம் வரை விழுகிறேன், பாருங்கள் என்று நினைத்தேன்.

நடந்தது என்னவென்று பிறகு ஜைனப் நடித்துக் காட்டினாள். மூன்றாவது முறையே டீச்சர் "போதும்" என்று சொல்லிவிட்டாராம். நான்காவது முறை கத்தினாராம். பிள்ளைகளும் சேர்ந்து "போதும் தனம், போதும் தனம்" என்று கத்தியிருக்கிறார்கள். ஆயா சாவிக்கொத்தோடு வந்திருக்கிறாள், அப்பா அவளை மறித்து நின்றுகொண்டு அழுதிருக்கிறார். காதும் கேட்காத, கண்ணையும் மூடிக்கொண்ட ஒருத்தியிடம் போதும் என்று எப்படிச் சொல்வது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஏழாவது முறை நான் மணலில் விழவில்லை. யாரோ பிடித்துவிட்டார்கள். சந்தன சோப்பு வாசனை வந்தது. கண்ணைத் திறந்தேன்.

பெரிய டீச்சர் மணலில் மண்டியிட்டு என்னை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி கோணிக்கொண்டிருந்தது. ஏதோ சொன்னார். உதடு நடுங்கியதில் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

"மெதுவா சொல்லுங்க டீச்சர். உதடு தெரியல."

அவர் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நாளையிலேருந்து நீ கண்ணைத் திறந்துகிட்டே நில்லும்மா."

நான் பாவாடையிலிருந்து மணலைத் தட்டினேன். முழங்காலில் ரத்தம் கணுக்கால் வரை இறங்கியிருந்தது.

"நாளைக்கு எதுக்கு டீச்சர்? இன்னைக்கு பிரேயர் இன்னும் முடியலையே."

நடந்து போய் வரிசையில் என் இடத்தில் நின்றேன். கையைச் சுருட்டிக்கொள்ளும் அந்தப் பெண் இந்த முறை சுருட்டிக்கொள்ளவில்லை. டீச்சர் படியேறிப் போய்க் கையைக் காட்டினார். முந்நூறு பேரும் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். நான் ஒருத்தி மட்டும் திறந்திருந்தேன். பாட்டின் மிச்ச அடிகளை எதிரே நின்ற டீச்சர்களின் உதடுகளிலிருந்து படித்து, நானும் பாடினேன், என்னால் முடிந்த அளவு சத்தமாக. சுருதி சேர்ந்ததா என்று யாரிடமும் விசாரிக்கவில்லை.